நெருப்பு எழும்பாத அடுப்பு

"கொழுப்பு சொட்டினாலும் நெருப்பு எழும்பாதா? அடிச்சுச் சொல்றீங்களா?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டார் நூலகர்.

"எழும்பவே எழும்பாது சார். பர்னர் ரெண்டும் ஓரத்துல இருக்கு. நடுவுல தண்ணித் தட்டு. கொழுப்பு உருகி நேரா தட்டுல விழுந்துடும். நெருப்புல ஒரு சொட்டுகூடப் படாது" என்றார் விற்பனையாளர். காலையிலிருந்து கடைக்கு வந்தவர்கள் இந்தத் தம்பதி மட்டும்தான் என்பதால் அவருக்குப் பொறுமைக்குப் பஞ்சமில்லை.

அந்தச் சிவப்பு நிற கேஸ் கிரில் அடுப்பை நூலகர் ஆசையாகத் தடவிக்கொடுத்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டியா? ஞாயித்துக்கிழமை சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க. நானே கோழி சுட்டுப் போடறேன்னு வாக்கு குடுத்திருக்கேன். போன தடவை மாதிரி மானம் போகக் கூடாது."

போன தடவை தட்டில் இருந்தது கோழிதான் என்று சம்பந்தி நம்பவே ஐந்து நிமிடம் ஆயிற்று.

மனைவி குனிந்து தட்டை வெளியே இழுத்துப் பார்த்தாள். "இதைக் கழுவறது லேசுப்பட்ட வேலை இல்லைங்க. மூலையில பிசுக்கு ஏறிட்டா சுடுதண்ணி ஊத்தி அரை நாள் ஊற வைக்கணும்."

"நான் கழுவறேன்."

"நீங்களா!" என்று சிரித்தாள். "சரி, தண்ணி வத்தாம யாரு பார்த்துக்கறது? சூடு ஏறவும் நேரமாகும். புகை வாசனை சுத்தமா வராது. காத்து கொஞ்சம் பலமா அடிச்சா ஓரத்து பர்னர் பொசுக்குன்னு அணைஞ்சுடும்."

விற்பனையாளர் அசந்து போனார். கம்பெனிக்காரர்கள் வந்து இரண்டு நாள் பயிற்சி கொடுத்தபோதுகூடக் காற்று விஷயத்தை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

"பார்த்தீங்களா சார்? குறை சொல்லணும்னே கிளம்பி வந்திருக்கா" என்று நூலகர் அவரிடம் முறையிட்டார். "பழைய அடுப்போட நான் படற பாடு எனக்குத்தான் தெரியும். வாரா வாரம் நெருப்பு எழும்பி எல்லாத்தையும் கரியாக்கிடுது."

"எழும்பினதை ஒரு நாளாவது கண்ணால பார்த்திருக்கீங்களா?" என்றாள் மனைவி.

"நான் திரும்பிப் பார்க்கறதுக்குள்ள அடங்கிடுதே!"

வாரத்தில் ஆறு நாள் வாயில் விரல் வைத்து ஊரை அடக்குவது அவர் வேலை. ஏழாம் நாள், தொண்டையில் தேங்கிய பேச்சையெல்லாம் பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் மதில் சுவரில் சாய்ந்தபடி கொட்டித் தீர்ப்பார். கோழி அது பாட்டுக்கு அடுப்பில் கிடக்கும்.

"இதையே பில் போடுங்க" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, கைபேசி ஒலித்தது. முகம் மலர்ந்தது. "தையல்காரர்தான்! இதோ, ஒரே நிமிஷம்" என்று கடை வாசலுக்கு நடந்தார்.

பத்து நிமிடம் ஆயிற்று. வாசலில் பேச்சு களைகட்டிவிட்டது.

"தம்பி, ஸ்டாக் இல்லைன்னு சொல்லிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள் மனைவி.

"கண்ணெதிர்ல நிக்குதேம்மா!"

"வேற யாரோ முன்கூட்டியே பணம் கட்டிட்டாங்கன்னு சொல்லுங்க."

விற்பனையாளருக்கு மனசு கேட்கவில்லை. "சார் எவ்வளவு ஆசைப்படறார்! விலைதான் யோசனைன்னா குறைச்சுத் தர்றேன்."

"விலை இல்லை தம்பி. புது அடுப்புலயும் கோழி கருகிப் போச்சுன்னா, சம்பந்தி முன்னாடி அந்த மனுஷன் யார் மேல பழியைப் போடுவார்?" இப்போது அவள் குரலில் கேலி இல்லை.

"இதுல எப்படிம்மா கருகும்? நான் பொறுப்பு!"

அவள் வாசலை ஒரு முறை எட்டிப் பார்த்தாள். கணவர் கையை வீசி வீசிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கருகும் தம்பி" என்று குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு வருஷமா எங்க வீட்ல இருக்கறதே இந்த அடுப்புதான், நிறம் மட்டும் கறுப்பு. அவர் வெளியூர் போயிருந்தப்ப, சந்தோஷப்படுவாரேன்னு சொல்லாமக் கொள்ளாம பழசை மாத்தி வெச்சேன். பழசும் கறுப்புதாங்கறதால அவருக்கு வித்தியாசமே தெரியலை. வந்த அன்னிக்கே எல்லாத்தையும் கரியாக்கிட்டு, 'பாழாப்போன நெருப்பு எழும்பிடுச்சுடி'ன்னு கண்கலங்கி நின்னார். அப்புறம் எந்த வாயால சொல்றது?"