கணிதத் துறையின் செலான்

யாராவது பார்க்கிறார்களா என்று கதவுப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, அவள் காசோலைகளின் பின்பக்கம் துறை முத்திரையைக் குத்த ஆரம்பித்தாள். ஒன்றுகூட விடாமல் குத்தினாள். குத்தக் குத்த அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

எட்டிப் பார்த்தது பழக்கதோஷம். இதற்கு முன்பெல்லாம் நடுவே ஒரு காசோலையை வேண்டுமென்றே முத்திரை இல்லாமல் விட்டவள் அவள்தான்.

பல்கலைக்கழக விதிப்படி, வெள்ளிக்கிழமை தோறும் காசோலைகளை இரண்டு பேர் சேர்ந்துதான் வங்கிக்கு எடுத்துப் போக வேண்டும். கணிதத் துறையில் ஒருவர் எழுத்தரான அவள். மற்றவர் அந்த இளம் விரிவுரையாளர். ஏதாவது பிசகு இருந்தால் வங்கி மொத்தக் கட்டையும் திருப்பிவிடும். திங்கட்கிழமை அதே இரண்டு பேரும் மறுபடி நடக்க வேண்டும். அந்த மறுபடிக்காகத்தான் அத்தனை திருட்டுத்தனமும்.

இன்று காலை துறைத் தலைவர் அவளைக் கூப்பிட்டு வறுத்தெடுத்துவிட்டார்.

"ஒரு வாரம் சீல் இல்லை, ஒரு வாரம் செலான்ல கூட்டல் தப்பு. கணிதத் துறைக்கே கூட்டல் வரலைன்னு பேங்க்ல சிரிக்கிறாங்கம்மா! இன்னைக்கும் திரும்பி வந்துச்சுன்னா, அடுத்த வாரத்துலேருந்து வேற ரெண்டு பேரை அனுப்பிடுவேன்."

கூட்டல் அவள் செய்த தப்பு இல்லை. செலான் எழுதுவது விரிவுரையாளர். பலகை நிறைய கிரேக்க எழுத்துப் போடுகிறவருக்குச் சில்லறைக் கணக்கு எங்கே வரும், பாவம் என்று அவளே அவருக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று முத்திரையையும் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

வழியெல்லாம் அவர் ஏதோ பாட்டை முனகிக்கொண்டே வந்தார். குறுக்குச் சந்து இருக்க, தபால் நிலையத்தைச் சுற்றிக்கொண்டு போனார். அவளுக்கும் கால் தரையில் பாவவில்லை.

கவுண்ட்டரில் இருந்த அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கூட்டல் தப்பு. திங்கட்கிழமை வாங்க."

விரிவுரையாளரின் முகம் மலர்ந்தது. அவள் பதறிப்போய் அவர் பக்கம் திரும்பினாள்.

"போச்சு சார்! இன்னைக்குத் திரும்பினா இனிமே வேற ஆளுங்கதான் வருவாங்களாம். நீங்களும் கிடையாது, நானும் கிடையாது. தலைவர் சொல்லிட்டார்!"

மலர்ந்த முகம் சப்பென்று ஆகிவிட்டது. "ஐயையோ, முன்னாடியே சொல்லக் கூடாதா? மேடம், மேடம், ஒரு புதுச் செலான் குடுங்க!"

காசோலைகளை அவர் தொடவில்லை, கால்குலேட்டரையும் தேடவில்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் அத்தனை தொகைகளையும் மனப்பாடமாக எழுதி, அடியில் மொத்தத்தைப் போட்டுக் கோடும் இழுத்துவிட்டார்.

அவள் புதுச் செலானில் முத்திரையை ஓங்கிக் குத்தினாள். அம்மாள் ஒருமுறை கூட்டிப் பார்த்து, "இப்ப மட்டும் எப்படிங்க கச்சிதமா இருக்கு?" என்று முணுமுணுத்துக்கொண்டே கட்டை வாங்கிக்கொண்டார்.

அவள் விரிவுரையாளரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சார்... உங்களுக்குக் கூட்டல் வராதுன்னுல்ல நினைச்சேன்?"

காது மடல் சிவக்க, அவர் பேனாவை மூடினார்.

"வெள்ளிக்கிழமை மட்டும் வராதுங்க."