அண்ணன் தராத மெஷின்

“கூடப் பொறந்தவளுக்கே தர மாட்டேன்னா, அந்த மெஷினை வச்சுக்கிட்டு நீ என்னண்ணே பண்ணப் போறே?”

அண்ணன் கல்லுளிமங்கனாக உட்கார்ந்திருந்தான்.

ஊரில் இருந்த அறுவடை மெஷின்கள் எல்லாம் இந்த வாரம் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்துவிட்டன. நெல் முற்றி நிற்கிறது. மழையோ இன்றைக்கா நாளைக்கா என்கிறது. கையால் அறுக்கலாமென்றால், தெம்புள்ள பிள்ளைகள் அத்தனை பேரும் நகரத்தில்.

மிச்சம் இருப்பது அண்ணன் கொட்டகைக்குள் பூட்டி வைத்திருக்கும் மெஷின் ஒன்றுதான். நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு மெஷினை மட்டும் காவல் காக்கிறான். தானும் தின்னாது, மாட்டையும் தின்னவிடாது; ஊர் அவனுக்கு ‘வைக்கோல்போர் நாய்’ என்றே பேர் வைத்துவிட்டது. தங்கைக்கு அதைக் கேட்டால் முன்பெல்லாம் அழுகை வரும். இன்று, சரியான பேர்தான் என்று தோன்றியது.

பக்கத்து நிலத்துக்காரர்கள் தெருவில் காத்திருந்தார்கள். அவள் ஆணியில் தொங்கிய சாவியைப் பிடுங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தாள்.

“வேணாம்மா, சொன்னாக் கேளு” என்று அண்ணன் பின்னால் ஓடிவந்தான்.

கொட்டகையைத் திறந்தாள். வெறும் கூடு நின்றது. இன்ஜின் இல்லை, பெல்ட் இல்லை, சக்கரம்கூட இல்லை.

“வித்துட்டியா?”

“உதிரிபாகம் கப்பல்ல வர்றது நின்னு ரெண்டு வருஷமாச்சு. உங்க மெஷினெல்லாம் பின்ன எப்படி ஓடுச்சு? ஒவ்வொண்ணாக் கழட்டி மெக்கானிக்கிட்ட குடுத்தேன். எங்கயோ பழசு கிடைச்சதுன்னு சொல்லிப் போடச் சொன்னேன். இனிமே கழட்ட ஒண்ணும் இல்ல.”

“இத முன்னாடியே சொல்றதுக்கு என்னண்ணே? வாய்க்கு வந்தபடி திட்டினோமே.”

“கடைசிக்கு இங்க ஒரு மெஷின் இருக்குங்கிற தைரியத்துலதான் ஊரே விதைச்சது. இல்லேன்னு தெரிஞ்சா எவன் விதைப்பான்? எல்லா நிலமும் என் நிலம் மாதிரிதான் கிடக்கும்.”

“இப்ப என்ன பண்றது?”

தகரக் கூரையில் தூறல் விழத் தொடங்கியது. ஒரு வருஷச் சாப்பாடு கதிரிலேயே நனைந்து முளைக்கப்போகிறது.

தெருவில் நின்றவர்கள் பொறுக்கமாட்டாமல் கொல்லைக்கே வந்துகொண்டிருந்தார்கள். அவள் அவசரமாகக் கதவைச் சாத்திப் பூட்டினாள்.

“என்னம்மா, மெஷின் வருதா?”

“இந்தத் தடவை தர மாட்டானாம், படுபாவி” என்றாள். “அடுத்த போகத்துக்குக் கண்டிப்பாத் தர்றானாம். விதைங்க.”