நீல டீ

“இந்தக் குப்பையை எடுத்துட்டுப் போ” என்று அப்பா போன மாதம் சொன்னதற்காகவே மகள் விடுதியிலிருந்து வந்திருந்தாள். விரல் உயரப் பூதம், மந்திரவாதி, கொள்ளைக்காரி என்று தான் வண்ணம் தீட்டிய பொம்மைகளையெல்லாம் பெட்டியில் அடுக்கினாள்.

“வண்ணம் பூசாத டிராகன் ஒண்ணு இருந்துச்சே, பாத்தீங்களாப்பா?”

“எனக்கெப்படித் தெரியும்? கழுதை வயசாச்சு, இன்னும் பொம்மை.” அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

அப்பாவின் தம்ளரை எடுக்க வந்த அம்மா முகம் சுளித்தாள். “டீ ஏங்க நீலமா இருக்கு?”

செய்தித்தாள் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

பிரஷ்ஷைத் தெரியாமல் டீயில் முக்காமல் இந்த வண்ணம் பூசும் வேலையில் யாரும் தேறியதில்லை. மகள் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து அவரருகே வைத்தாள்.

“இது பிரஷ்ஷுக்கு. டீ வாய்க்கு.”

“டிராகனுக்குக் கண்ணு மட்டும் வரமாட்டேங்குதும்மா” என்றார் அப்பா, பேப்பரை இறக்காமலே.