ரீஸ் ஹிண்டிலின் எதிர்காலம்

ஒன்பது வருடங்களில் முதல்முறையாக, அந்த அறையில் கிளைவ் சொன்னது எடுபட்டது.

இங்கிலாந்தின் வடக்கே, மழைக்கும் தோல்விக்கும் பேர்போன ஊரின் கால்பந்து கிளப் அது. இளம் ஆட்டக்காரர்கள் எவ்வளவு தூரம் வருவார்கள் என்று பார்த்துச் சொல்வது, ஒன்பது வருடமாக அங்கே கிளைவின் வேலை. பிளாக்பூல் கடற்கரையில் கைரேகை பார்க்கும் பெண்கள் செய்வதும் அதைத்தான். அவர்களுக்கு ரேகையாவது இருக்கிறது. கிளைவுக்கு நாற்பத்தோரு கட்டங்கள் போட்ட படிவம்.

வேகம், தாவல், இடது கால், மனத்திடம், தூக்கம். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று போட வேண்டும். பயிற்சியாளர் கேவின் அந்தப் படிவத்தை ஒழுங்காகப் பயன்படுத்துவார், தேநீர்க் கோப்பைக்கு அடியில்.

அன்றைக்குப் பேச்சு ரீஸ் ஹிண்டிலைப் பற்றி. இரண்டாம் அணியில் முன்னால் நின்று கோல் போட வேண்டியவன். இருபது வயது. ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது. வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா?

ஆறு ஆட்டங்களாக ஒரு கோல் இல்லை. போன சனிக்கிழமை, கோல்கீப்பர் தரையில் கிடக்க, மூன்று முறை கம்பத்தில் அடித்தான். கேவின் அந்த வீடியோவைச் சுவரில் நான்கு தடவை ஓடவிட்டார், பன்னைக் கடித்துக்கொண்டே.

"கோல் எட்டு கஜம் அகலம். கம்பம் அஞ்சு இஞ்ச். ஐயாவுக்கு அந்த அஞ்சு இஞ்ச்தான் பிடிச்சிருக்கு."

வழக்கமாக இந்த இடத்தில் கிளைவ் தேநீரைக் கலக்குவார். அன்று எழுந்து நின்றார்.

ஓடுகிற ஓட்டத்தில் ஐந்து அங்குலத்தை மூன்று தடவை குறி பிசகாமல் அடிக்க இந்த நாட்டில் இன்னொரு காலைக் காட்டுங்கள் என்றார். பையனுக்கு ஏதோ மனக்குழப்பம், அது தீர்ந்துவிடும் என்றார். இருபத்தாறு வருடமாகப் பசங்களைப் பார்க்கிறேன், நான் சொன்னது பொய்த்தால் அடுத்த வருடம் என்னையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள் என்று வேறு சொல்லிவிட்டார்.

கேவின் இறங்கி வந்தார். பாதி வாதத்துக்காக, பாதி மதியச் சாப்பாட்டுக்காக. மூன்று வருட ஒப்பந்தம், நீயே போய்ச் சொல்லிவிடு என்றார்.

ரீஸ் நடைவழியில், ஈரக் காலுறையோடு உட்கார்ந்திருந்தான்.

இந்தச் செய்தியைக் கேட்டு ஆனந்தத்தில் அழுதவர்களைக் கிளைவ் பார்த்திருக்கிறார். அவருடைய காலணியிலேயே வாந்தி எடுத்தவன் ஒருவன் உண்டு. ரீஸின் முகம் மட்டும் வெளிறிப்போனது.

"வேணாம் கிளைவ்."

பிறகு மெல்ல மெல்லச் சொன்னான். ரயில் ஓட்ட ஆள் எடுக்கிறார்கள். பிப்ரவரியில் யாருக்கும் சொல்லாமல் தேர்வு எழுதினான். முந்நூறு பேரில் ஒன்பது பேர் தேறினார்கள், அதில் இவன் ஒருவன். பதினாலு வயதிலிருந்தே பந்தைக் கண்டால் பிடிக்கவில்லை. ஆனால் ஆறு வயதிலிருந்து அவனை வேனில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு மைதானமாக அலைந்தவர் அப்பா. தானே விட்டுவிட்டதாகச் சொன்னால் மனிதர் நொறுங்கிவிடுவார். கிளப் துரத்தினால், ஆயுசுக்கும் கிளப்பைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருப்பார்.

கிளைவுக்கு ஒன்றுதான் கேட்கத் தோன்றியது. "அப்போ அந்த மூணு கம்பம்?"

"வெளியில அடிச்சா வேணும்னே அடிச்சேன்னு அப்பா கண்டுபிடிச்சிடுவாரு. கம்பத்துல பட்டா நேரம் சரியில்லைன்னு விட்டுடுவாரு. ரெண்டு மாசம் பழகினேன்."

அனுப்பினால் மட்டும் போதாது, அப்பா அடுத்த கிளப்புக்கு இழுத்துக்கொண்டு போவார், அவர்கள் கேட்டு வாங்கும் படிவத்தில் யாருமே திரும்பிப் பார்க்காத மாதிரி எழுதுங்கள் என்று கெஞ்சினான்.

தூக்கத்துக்குக்கூடக் கட்டம் வைத்த படிவத்தில், ஆட்டம் பிடிக்குமா என்று கேட்க ஒரு கட்டம் இல்லை.

கிளைவ் உள்ளே போய், தான் யோசித்துப் பார்த்ததாகவும், பையன் தேற மாட்டான் என்றும் சொன்னார். உட்கார்ந்து எண்களை ஒவ்வொன்றாகக் குறைத்தார். மனத்திடம் என்ற கட்டத்தில் கை நின்றது. இரண்டு என்று போட்டார்.

கேவினுக்குப் பரம சந்தோஷம். சாப்பாட்டு அறையில் எல்லோரிடமும் சொன்னார்: கிளைவ் ஒன்பது வருடத்தில் ஒரு சரியான முடிவு எடுத்திருக்கிறார், அதுவும் கால் மணி நேரம் தப்பாகப் பேசிய பிறகு.

மாலை ஐந்தரைக்கு ரீஸின் அப்பா பாரி ஹிண்டில் தொலைபேசியில் வந்தார்.

குருட்டுப் பயலே என்று ஆரம்பித்தார். உனக்குப் பந்துக்கும் பூசணிக்காய்க்கும் வித்தியாசம் தெரியுமா என்றார். இருபத்தாறு வருடமாக நீ என்ன கிழித்தாய் என்று விவரமாகக் கேட்டார். கிளைவ் தொலைபேசியைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

மறுமுனையில் ஒரு கதவு சாத்தப்பட்டது. குரல் தணிந்தது.

"மன்னிச்சுக்குங்க. பக்கத்து ரூம்ல பையன் கேட்டுக்கிட்டு இருக்கான். ரயில்வே கடுதாசிய மார்ச்சுலயே பிரிச்சுப் பார்த்துட்டு ஒட்டி வெச்சிட்டேன். பரவாயில்லடான்னு நான் சொன்னா நம்ப மாட்டான், எனக்காகவே ஆடிக்கிட்டு இருப்பான்."

கிளைவ் தொலைபேசியை மறுபடி காதோடு ஒட்டிக்கொண்டார்.

"இதனால உங்க வேலைக்கு ஒண்ணும் ஆபத்து இல்லையேங்க?"

இல்லை என்றார் கிளைவ்.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பாரி மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் கத்தத் தொடங்கினார்.