கண்ணே

"யாருடா அவன்? எனக்குப் பதிலா பேசினவன் யாரு?"

எடிட்டர் படத்தை நிறுத்திவிட்டு, மேசை விளக்கைப் பெரியவர் பக்கம் திருப்பினார். தொழிலில் எல்லோருக்கும் எடிட்டர் 'கத்திரி'. இருபத்தாறு வாரம் டி.வி.யில் ஓடிய ரோபோ அனிமே கார்ட்டூன் தொடரை வெட்டி ஒட்டி இரண்டு மணி நேர சினிமாவாக்கியிருந்தார். எதிரே கழுத்தில் மஃப்ளரோடு உட்கார்ந்திருந்த பெரியவர், அந்த ரோபோவுக்குக் குரல் கொடுத்த நடிகர்.

கதையில் ரோபோவின் குரல், அதை ஓட்டுகிற சிறுமியின் மனசுக்குள் மட்டும்தான் கேட்கும். கேட்பதெல்லாம் ஏச்சு. நட, அடி, அழாதே. கடைசி பாகத்தில் அவளை உள்ளேயே உட்கார வைத்து முடித்துவிட்டார்கள். 'அந்தப் பொண்ணு இறங்கினாளா, இல்லையா?' என்று வருஷக்கணக்காகக் கடிதங்கள். சினிமாவில் ரோபோ சொல்கிறது: "கண்ணே, போதும். இறங்கிப் போ." அவள் இறங்கி வெயிலில் நடக்கிறாள்.

"அசலும் போலியும் எனக்குத் தெரியாதா? சாயம் போற துணியைத் தொட்டே சொல்லிடுவேன், என் குரலைத் தெரியாதா?"

"குரல் உங்களோடதுதான் அண்ணே."

"புளுகாதே! ஒரே ஒரு தடவை 'கண்ணே'ன்னு கூப்பிடறேன்னு டைரக்டர்கிட்ட அப்பவே கெஞ்சினேன். மெஷின் கொஞ்சாதுன்னுட்டாரு."

"இப்ப அவரே அதைக் கேட்டாரு. வேற ஆளைப் பேச வெச்சுடலாம்னு தயாரிப்பாளர் நாலு பேரைக் கூட்டிட்டு வந்தாரு. நான்தான் முடியவே முடியாதுன்னேன்."

"அப்புறம் எப்படி?"

கத்திரி பழைய ஒலிப்பதிவைத் தேடிப் போட்டார். ஏழாம் பாகம். அறை அதிர ரோபோ உறுமியது: "உன் கண்ணே உன்னை ஏமாற்றும்!"

"முன்னாடியும் பின்னாடியும் வெட்டிட்டேன். நடுவுல இருக்கிறது கொஞ்சல்."

பெரியவர் நாற்காலியை ஸ்பீக்கர் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"'போதும்' பன்னிரண்டாம் பாகம். 'அழுதது போதும்'னு எரிஞ்சு விழுவீங்களே, அது. 'இறங்கி' பத்தொன்பதுல. 'இறங்கினால் மிதித்துவிடுவேன்'னு மிரட்டுவீங்க, முதல் பாதியை மட்டும் எடுத்துக்கிட்டேன். 'போ' இருபத்திரண்டுல, 'தொலைந்து போ'. நாலு சொல்லுக்கு அஞ்சு வாரம் அண்ணே. பொண்டாட்டி என்னைச் சந்தேகப்பட ஆரம்பிச்சுட்டா."

"பைத்தியமாடா உனக்கு? எதுக்கு இந்தப் பாடு?"

"மறந்துட்டீங்களா? நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு பாகத்தோட குரல் பதிவு மொத்தத்தையும் அழிச்சுத் தொலைச்சேன். அன்னிக்கே வெளியே தள்ளியிருப்பாங்க. 'என் தொண்டை சரியில்லை, நானே அழிக்கச் சொன்னேன்'னு பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கிட்டு, முதல்லேர்ந்து பேசிக் குடுத்தது யாரு? அந்தப் புண்ணியத்துலதான் நான் இன்னிக்கு இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன்."

பெரியவர் விரலைச் சுழற்றினார். இன்னொரு தடவை போடு.

கத்திரி போட்டார். "கண்ணே, போதும். இறங்கிப் போ."

மறுபடியும் விரல் சுழன்றது. மூன்றாவது தடவை கேட்டபோது அவர் கண் நிறைந்து, மஃப்ளரின் நுனி ஈரமானது.

"மன்னிச்சுட்டீங்களா அண்ணே? படத்துல வெச்சுக்கலாமா?"

பெரியவர் மடியிலிருந்த சிலேட்டை எடுத்து, வந்ததிலிருந்து அதில் எழுதி எழுதிக் காட்டிய சண்டை மொத்தத்தையும் சட்டைக்கையால் துடைத்தார். பிறகு நிதானமாக எழுதித் திருப்பிக் காட்டினார்: "நல்லா இருடா கத்திரி. அந்தக் 'கண்ணே'வை மட்டும் என் செல்லுல ஏத்திக் குடு. ஆபரேஷன்ல என் தொண்டையை எடுத்ததுலேர்ந்து, வீட்டுல ஒருத்தி அதைக் கேட்காமலே இருக்கா."