திருட்டு ஃபில்டர்

"இன்னுமா அந்த மூடி உட்காரல?"

"உட்காரும், உட்காரும். புது ஃபில்டர் இல்லையா, கொஞ்சம் முறுக்கிக்கிட்டு நிக்குது" என்றான் ரஸ்மானே. தலை கார் பானட்டுக்குள் இருந்தது. வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது.

கேள்வி கேட்ட அவன் மனைவி அகோஃபா மறுபடி மணியைப் பார்த்தாள். நாலு மணிக்கு லோமே பஸ்ஸில் அம்மா வந்து இறங்குகிறாள். "உலகத்துல வேற ஊரே இல்லையா, அந்தப் புழுதிக் காட்டுக்கா வாக்கப்படப் போறே?" என்று கல்யாணத்தன்றுகூட முகத்தைத் தூக்கி வைத்திருந்த அம்மா. மாப்பிள்ளையின் காரோ, ஹர்மத்தான் காற்று கிளம்பியதிலிருந்து வாகடூகுவின் புழுதியையெல்லாம் குடித்துவிட்டு, இருமிக்கொண்டு கறுப்புப் புகையாய்க் கக்குகிறது.

நேற்று போனில் அம்மாவிடம் வேறு அளந்துவிட்டாள். "உன் மாப்பிள்ளைக்குக் கார் வேலை அத்துப்படிம்மா! மெக்கானிக்கே வேண்டாம், எல்லாம் தன் கையாலயே செஞ்சுக்குவாரு."

பக்கத்தில் நின்று கேட்ட ரஸ்மானே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பிப் போய் ஃபில்டர் வாங்கி வந்தான். அந்த நெஞ்சுதான் இப்போது மூடியோடு மல்லுக்கட்டுகிறது.

"என்னடா அடிமை! உன் பாட்டன் கழுதை மேய்ச்சான், நீ கார் மேய்க்கிறியா?"

வந்துவிட்டான் பக்கத்து வீட்டு தோயே! அகோஃபா பல்லைக் கடித்தாள்.

"வாடா, நாய்த்தலை தின்னி!" என்றான் ரஸ்மானே, தலையைத் தூக்காமலே.

வந்த மூன்று வாரமாக இதே கூத்துதான். தினமும் ஒருத்தன் வாசலில் நின்று வைவான். இவள் புருஷன் பதிலுக்கு வைவான். அப்புறம் இரண்டு பேரும் தொடையைத் தட்டிச் சிரிப்பார்கள். கேட்டால், "அவன் சாமோ இனம், நான் மோசி இனம். முப்பாட்டன் காலத்து வழக்கம். அவன் என்ன திட்டினாலும், வீட்டுல எதை எடுத்துக்கிட்டுப் போனாலும் நான் கோவிச்சுக்கக் கூடாது. நான் செஞ்சா அவனும் கோவிச்சுக்கக் கூடாது" என்பான். நல்ல வழக்கம் போ! அவள் பிறந்த லோமேயில் இப்படிப் பேசினால் பல்லு வாயில் இருக்காது.

தோயே குனிந்து பானட்டுக்குள் எட்டிப் பார்த்தான். ரஸ்மானேயின் வியர்வை வழியும் முகத்தைப் பார்த்தான். அகோஃபாவையும் ஒரு பார்வை பார்த்தான்.

அடுத்த நிமிஷம் ஃபில்டரை வெடுக்கென்று உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"அடிமைக்கு எதுக்குடா புதுசு? இது எஜமானுக்கு!"

மோட்டார் சைக்கிளை உதைத்துப் பறந்தே விட்டான்.

"ஐயோ, திருடன்! பிடிங்க அவனை!" என்று தெருமுனை வரை ஓடிய அகோஃபாவுக்குப் புழுதிதான் மிஞ்சியது. திரும்பி வந்தால், ரஸ்மானே மாமரத்தடியில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருக்கிறான்.

"சிரிக்கிறீங்களா? எங்கம்மா வந்து தலையில அடிச்சுக்கப் போறாங்க. நீங்க சிரிங்க, நல்லா சிரிங்க!"

"சாமோக்காரன் எடுத்துட்டான். நான் என்ன பண்ண முடியும்?"

அழுகையை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். அம்மாவுக்காகக் கொதித்துக்கொண்டிருந்த கோழிக் குழம்பை, கரண்டி உடைகிற மாதிரி கிண்டித் தீர்த்தாள்.

குழம்பு இறங்கும் நேரத்தில் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். தலை முதல் கால் வரை செம்மண் அப்பிக்கொண்டு வந்து நின்றான் தோயே.

"தூ! மோசிக்காரன் தொட்ட சாமான் எனக்கு எதுக்கு? நீயே வச்சுக்கோ!" என்று ஃபில்டரை ரஸ்மானேயின் மடியில் விட்டெறிந்துவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்விட்டான்.

ரஸ்மானே எழுந்தான். ஃபில்டரைப் பெட்டியில் வைத்தான். மூடியை லேசாக அழுத்தினான். கிளிப்புகள் 'டக் டக்'கென்று விழுந்தன. சாவியைத் திருப்பினதும், இருமல் இல்லை, புகை இல்லை, கார் பால் குடித்த பூனையாய் உறுமியது.

"பார்த்தியா? எல்லாத்துக்கும் ஒரு கைப்பக்குவம் வேணும்!"

"ஆமாமா" என்றாள் அகோஃபா. முகம் மலர்ந்துவிட்டது. கூடவே ஒன்று நெருடியது. காலையில் அவள்தானே அந்த ஃபில்டரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்? அதற்கு நீல விளிம்பு. இப்போது உள்ளே போனதற்குக் கறுப்பு விளிம்பு. அளவிலும் இரண்டு விரல் சின்னது.

பிறகு அடுப்படிக்கு ஓடி, பெரிய கோழிக்காலாக ஒன்றைத் தட்டில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"ஏ நாய்த்தலை தின்னி! இந்தா, கொட்டிக்கோ!"

தோயே வாயைப் பிளந்தான். "அடி ஆத்தி! நீயுமா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "போனது நீலம், வந்தது கறுப்பு. நான் கவனிச்சேன் அண்ணே."

"ஷ்ஷ்! அடிமை காதுல விழப்போகுது" என்று அவனும் கிசுகிசுத்தான். "கல்யாணமாகி ஒரு மாசம்கூட ஆகல. பொண்டாட்டி முன்னாடி 'அளவு தெரியாம வாங்கிட்டு வந்துட்டே'ன்னு எப்படித் தங்கச்சி சொல்றது?" உடனே தெருவுக்கே கேட்கும்படி, "இது கோழியா, காக்காயா? வேகவே இல்ல!" என்று கத்தினான்.

அகோஃபா சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்து, அம்மாவை அழைத்துவரக் காரில் ஏறினாள். புருஷனுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பாவம்.

தெருமுனை திரும்பும்போது ரஸ்மானே கேட்டான்.

"அவனுக்கு ஒரு கோழிக்கால்தான் வச்சியா?"

"ம்... ஏன்?"

"இந்தப் புழுதியில கடைத்தெரு வரைக்கும் போய் மாத்திக்கிட்டு வந்திருக்கான். ரெண்டையும் வச்சிருக்கலாமே."