கண் கலங்காத மாப்பிள்ளை

போன் வந்தபோது முகம்மது ஆரிப் நான்காவது இடியாப்பத்தின் மேல் தேங்காய்ப்பால் ஊற்றிக்கொண்டிருந்தான். துபாய்க்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட், அவன் அம்மா கதீஜம்மாளின் போனில் கூப்பிட்டிருந்தார். ஆரிப்பின் விசா கேன்சல் ஆகிவிட்டது, இனி அந்தக் கம்பெனி கிடையாது என்று மட்டும் சொல்லிவிட்டு, மேற்கொண்டு பேசாமல் வைத்துவிட்டார்.

கதீஜம்மாள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். எப்படிப் போச்சு, எவன் கண்ணு பட்டது என்று பக்கத்து வீட்டு மிஸ்ரியாவும் ஓடிவந்து புலம்பினாள். காரணம் கேட்காத ஒரே ஆள் ஆரிப்தான்.

"இன்னும் ரெண்டு வையிம்மா," என்றான். "தறிக்குப் போக நேரமாயிட்டு."

மத்தியானத்துக்குள் செய்தி சங்கரன்கோவிலில் பாதித் தெருக்களைச் சுற்றிவிட்டது. விசா போனதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. போனதை அவன் எப்படி வாங்கிக்கொண்டான் என்பதுதான் பேச்சு. தறிக்கூடத்துக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்கள், வழக்கம்போலச் சேலை நெய்துகொண்டிருந்தவனைப் பார்த்துவிட்டு, தாங்கள்தான் வீணாகப் பதறிவிட்டோம் என்று திரும்பிப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் பயானில் இமாம் சோதனைக் காலத்துப் பொறுமையைப் பற்றிப் பேசினார். பெயர் சொல்லவில்லை, ஆனாலும் முன்வரிசை முழுக்க ஒருமுறை திரும்பி ஆரிப்பைப் பார்த்துக்கொண்டது. அவன் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டான். பையனுக்கு அடக்கமும் இருக்கிறது என்று அதற்கும் ஒரு பாராட்டு கிடைத்தது.

கதீஜம்மாளுக்கு மட்டும் கல்யாணக் கவலை. பாத்திரக்கடை மைதீன் பாட்சா தன் கடைசி மகள் ஹாலிதாவை ஆரிப்புக்குப் பேசி முடித்ததே அந்த விசாவைப் பார்த்துத்தான். பத்திரிகை அடித்தாகிவிட்டது, நிக்காஹ்வுக்கு ஒரு மாதம்கூட இல்லை. மூத்த மருமகன்கள் இரண்டு பேரும் சவூதியில் இருக்க, மூன்றாவது மருமகன் உள்ளூரில் தறி ஓட்டினால் மனிதர் விடுவாரா?

விடவில்லை. மறுநாள் சாயங்காலமே வந்துவிட்டார். வந்தவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றதைப் பார்த்ததும், சம்பந்தத்தை முறிக்கத்தான் வந்திருக்கிறார் என்று கதீஜம்மாளுக்குப் புரிந்துவிட்டது.

ஆரிப் அவனாகவே டீ போட்டுக் கொண்டுவந்து நீட்டினான். விசா போய்விட்டதாமே என்று அவர் உறுமினார்.

"ஆமா மாமா. அதுக்கென்ன செய்ய? இங்கன தறி இருக்கு, கை கால் இருக்கு. உங்க மகள ஒரு கொறையும் இல்லாம வச்சிக்கிடுதேன்."

மைதீன் பாட்சா டீயை ஆறவிட்டு அவனையே பார்த்தார். மூத்த மருமகன் வெயில் தாங்கவில்லை என்று வாரம் தவறாமல் போனில் அழுகிறான். அடுத்தவன் முதலாளி திட்டிவிட்டான் என்று ஆறே மாதத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட, அவர்தான் மறுபடி பிளைட் ஏற்றிவிட்டார். தலையில் இடி விழுந்தும் டீ போடுகிற ஒருவனை அவர் இப்போதுதான் பார்க்கிறார்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். நிக்காஹ் குறித்த தேதியில் நடக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தார். கதீஜம்மாள் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி அழுதாள். ஆரிப் தறிக்கூடம் வரைக்கும் விசிலடித்துக்கொண்டு போனான்.

நிக்காஹ்வுக்கு ஐந்து நாள் இருக்கும்போது மைதீன் பாட்சா மறுபடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு, கையில் ஒரு கவர். மாப்பிள்ளைக்குத் தெரியாமல் கதீஜம்மாளிடம் பாஸ்போர்ட் காப்பியை வாங்கி, சவூதியில் தம்மாமில் இருக்கும் மச்சினனை விரட்டி, புது விசாவே எடுத்துவிட்டிருந்தார்.

பாலைவனத்துக்கு நடுவில் ஒரு குடோனில் வேலை. சுற்றிலும் ஊர் கிடையாது, இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் லீவு. இதற்கு முன்னால் போன நான்கு பேரும் தாக்குப்பிடிக்காமல் ஓடிவந்துவிட்டார்கள்.

"எவனும் நிக்க மாட்டேங்கான். நம்ம மாப்ள நிப்பாரு," என்றார் பெருமையாக. "அவரு பொறுமையச் சொல்லித்தான் இந்த வேலையவே கேட்டு வாங்கினேன்."

நிக்காஹ் ஞாயிற்றுக்கிழமை. அடுத்த வியாழக்கிழமை திருவனந்தபுரத்தில் பிளைட்.

ஆரிப் கவரைப் பிரித்துப் படித்தான். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தான். மைதீன் பாட்சாவுக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனந்தக் கண்ணீர் என்று அவன் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு, மகளிடம் சொல்வதற்கு வேகமாகக் கிளம்பினார்.

பெற்றவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏம்ல இப்படி அழுதே? விசா போன அன்னைக்குக்கூட உன் கண்ணுல ஒரு சொட்டு வரலியே?"

ஆரிப் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"அத வேண்டாம்னு ஏஜென்டுகிட்ட சொன்னதே நாந்தாம்மா."